சுமையை ஏற்றிப் பார்த்த பிறகே மின்சார சரக்கு சைக்கிளை மதிப்பிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோல் செலவைக் குறைக்க விரும்பும் சிறு வணிகர்களுக்கு மின்சார சரக்கு சைக்கிள் நல்ல மாற்றாக இருக்கும் என்று தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். திருவல்லிக்கேணியில் சிறிய பைண்டிங் கடை நடத்தி வரும் எனக்கு அது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. அத்தகைய சைக்கிள் ஒன்றை டெபாசிட் கட்டி இரண்டு வாரம் எடுத்துவந்து, என் தொழிலுக்கு ஒத்துவருமா என்று அப்போதுதான் ஓட்டிப் பார்த்து முடித்திருந்தேன். கட்டுரையின் பொதுவான கருத்தை நான் ஏற்கிறேன். ஆனால் ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் போகும், எவ்வளவு வேகத்தில் போகும் என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்து அது இந்த வண்டிகளை ஒப்பிட்டிருந்தது. இரண்டுமே சுமை ஏற்றாத வண்டிக்கு உரிய எண்கள். சரக்கு ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு வண்டியைச் சரக்கு இல்லாமல் அளந்து மதிப்பெண் போடுவது, வாங்க நினைக்கும் என்னைப் போன்றவர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டு செல்லும் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு அயனாவரத்தில் இருக்கிறது. கடைக்கு ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். வாரத்தில் இரண்டு நாள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்த் தாள், மில்போர்டு, காலிகோ துணி ஆகியவற்றை வாங்கி வர வேண்டும். கடையிலிருந்து வாலாஜா சாலை, காமராஜர் சாலை, நேப்பியர் பாலம், ராஜாஜி சாலை வழியாகப் போக வர பத்து கிலோமீட்டர் ஆகிறது. ஆய்வேடுகளைக் கட்டிப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை தனி. ஏ4 தாள் 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) என்றால் ஐந்நூறு தாள் கொண்ட ஒரு ரீம் 2.3 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். பத்து ரீம் கொண்ட பெட்டி 23 கிலோவைத் தாண்டும். ஒரு நடைக்கு மூன்று பெட்டி என்றால் எழுபது கிலோ. இந்தச் சுமையை இத்தனை ஆண்டுகளும் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் இழுத்து வந்திருக்கிறது. சென்னையில் மின்சார சரக்கு சைக்கிளுக்கு உண்மையான போட்டி காரோ வேனோ இல்லை. தண்ணீர் கேனும் காய்கறி மூட்டையும் தாள் பண்டலும் சுமக்கும் எக்ஸெல்தான். ஒப்பிடுவதானால் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

நான் எடுத்துவந்த வண்டி, பின்புறம் நீண்ட கேரியரும், பின்சக்கரத்தின் மையத்தில் 250 வாட் மோட்டாரும், 48 வோல்ட் 15 ஆம்பியர்-மணி பேட்டரியும் கொண்டது. பேட்டரியோடு சேர்த்து நாற்பது கிலோ எடை. கடையில் இருந்த விளக்கத் தாளில் எழுபது கிலோமீட்டர் ஓடும் என்று அச்சிட்டிருந்தார்கள். 48-ஐ 15-ஆல் பெருக்கினால் 720 வாட்-மணி, அதாவது முக்கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவான மின்சாரம். அதை வைத்துக்கொண்டு எழுபது கிலோமீட்டர் போக வேண்டுமானால் கிலோமீட்டருக்குப் பத்து வாட்-மணி மட்டுமே செலவாக வேண்டும். ஒல்லியான ஒருவர் வெறும் வண்டியைச் சமதளத்தில், நிற்காமல், தானும் நன்றாக மிதித்து ஓட்டினால் அது நடக்கக்கூடும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்படும் பயணத்தில், எழுபது கிலோ தாளோடு, அது நடக்காது.

இதை ஊகமாக விட்டுவிட மனமில்லாமல், சுவர் ப்ளக்குக்கும் சார்ஜருக்கும் இடையில் செருகும் சிறிய மின்மீட்டர் ஒன்றை வாங்கி வைத்தேன். பன்னிரண்டு வேலை நாட்களில் 260 கிலோமீட்டர் ஓடியிருந்தது, மீட்டர் 5.5 யூனிட் காட்டியது. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 21 வாட்-மணி. அப்படி வீணாவதைக் கழித்துப் பார்த்தால் முழு சார்ஜில் நாற்பது கிலோமீட்டர் என்று கணக்கு வருகிறது. ஒரு நாள் காலை முதல் மாலை வரை சுமையை இறக்காமலே ஓட்டியபோது 34-ஆவது கிலோமீட்டரில் மோட்டார் ஓய்ந்துவிட்டது. என் அன்றாடத் தேவைக்கு நாற்பதே போதும். ஆனால் எழுபதை நம்பி, தினமும் ஐம்பது கிலோமீட்டர் சுற்ற வேண்டிய ஒருவர் இதை வாங்கியிருந்தால், மாலை நேரத்தில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைக் காலால் மட்டுமே மிதித்துக்கொண்டு வீடு சேர வேண்டியிருக்கும். விளக்கத் தாளில் அந்த எழுபதுக்குப் பக்கத்தில் எவ்வளவு சுமையோடு என்று ஒரு வரி எழுத எந்தச் செலவும் இல்லை.

ஏற்றம் அடுத்த சோதனை. சென்னை சமதளமான ஊர் என்று சொல்வது வழக்கம். மேம்பாலங்களும் ரயில் பாதைக்கு மேலே செல்லும் பாலங்களும் இருக்கும்வரை அது பாதி உண்மைதான். ஓட்டுபவர் 70, வண்டி 40, சுமை 70 என்று மொத்தம் 180 கிலோ, நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் உயரும் சரிவில் மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கு, சக்கர உராய்வையும் சேர்த்து, ஏறத்தாழ 250 வாட் திறன் தேவை. சட்டம் அனுமதிக்கும் 250 வாட் மோட்டார் தொடர்ந்து தரக்கூடிய திறன் முழுவதும் அதற்கே போய்விடும். மிச்சத்தை நம் கால்தான் தர வேண்டும். எழும்பூரில் காந்தி இர்வின் பாலத்தில் மூன்று பெட்டியோடு ஏறிய அன்று, பாதி ஏற்றத்தில் வேகம் எட்டுக்கு இறங்கியது. பாலத்தைக் கடந்து ஓரமாக நிறுத்தி மோட்டாரின் மூடியில் கை வைத்தேன். வைத்த கையை உடனே எடுக்க வேண்டியிருந்தது. சக்கரத்தின் மையத்தில் அமைந்த மோட்டார், சக்கரம் மெதுவாகச் சுழலும்போது தன் திறனில் பெரும்பகுதியை வெப்பமாக இழக்கிறது என்பதே இதற்குக் காரணம். மிதிகளின் நடுவில் மோட்டார் பொருத்திய வண்டிகள் கியரைப் பயன்படுத்திக்கொள்வதால் ஏற்றத்தில் இவ்வளவு திணறுவதில்லை. ஆனால் அவற்றின் விலை அதிகம், செயினும் பல்சக்கரமும் விரைவில் தேயும். தினமும் இரண்டு மூன்று பாலம் ஏற வேண்டியவர்கள் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டக்கூடாது.

இவற்றையெல்லாம் விட என்னை அதிகமாகக் கவலைப்படுத்தியது பிரேக். போவது தாமதமானால் நேரம்தான் போகும். நிற்பது தாமதமானால் அடுத்தவர் காலோ உயிரோ போகும். ஒரு ஞாயிறு விடியற்காலையில் மெரினாவின் உட்புறச் சாலையில் சாக்பீஸால் கோடு போட்டு, மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து அந்தக் கோட்டில் பிரேக் பிடித்துப் பார்த்தோம். சுமை இல்லாதபோது வண்டி நான்கு மீட்டரில் நின்றது. எழுபது கிலோவோடு ஏழு மீட்டரையும் தாண்டியது. கம்பியால் இழுக்கப்படும் டிஸ்க் பிரேக்கைத்தான் அதில் பொருத்தியிருந்தார்கள். என் கை வலிமை முழுவதும் போட்டும் அவ்வளவுதான் முடிந்தது. சாதாரண சைக்கிளும் ஆளும் சேர்ந்தால் 85 கிலோ. சரக்கு சைக்கிள் அதைப் போல் இருமடங்குக்கு மேல் எடையோடு அதே வேகத்தில் வருகிறது என்றால், நிறுத்த வேண்டிய ஆற்றலும் இருமடங்குக்கு மேல். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் பெரிய வட்டும் இத்தகைய வண்டிக்கு அடிப்படைத் தேவை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அவற்றைக் கூடுதல் வசதி என்று தனி விலை போட்டு விற்பது சரியில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். விலை குறைந்த வண்டிகளில் இருக்கும் சென்சார், மிதி சுழல்கிறதா இல்லையா என்பதை மட்டும் உணர்கிறது. எவ்வளவு விசையோடு மிதிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு நொடி அளவுக்கு மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். காமராஜர் சாலையில் இது உறைக்கவே இல்லை. என்.எஸ்.சி. போஸ் சாலையின் கூட்டத்தில், முன்னால் ஒரு பெரியவர் சட்டென நின்றபோது, கால் நின்ற பிறகும் வண்டி முன்னேறியதை உணர்ந்து உடல் நடுங்கிவிட்டது. பிரேக் பிடியைத் தொட்ட உடனே மோட்டாரைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்ததால் விபத்து நேரவில்லை. அந்தச் சுவிட்ச் இல்லாத வண்டியைச் சந்தைப் பகுதியில் ஓட்டவே கூடாது. மிதிக்கும் விசையை உணரும் சென்சார் உள்ள வண்டிக்கு நாலாயிரம் ஐயாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

சுமை ஏற்றும் நேரத்தைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. நான் பார்த்தவரை வண்டி கவிழும் ஆபத்து ஓட்டும்போது இருப்பதை விட நிறுத்தி ஏற்றும்போதுதான் அதிகம். ஆண்டர்சன் தெருவில் முதல் நாள், சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் முதல் இரண்டு பெட்டியைக் கேரியரின் கடைக்கோடியில் வைத்தார். மூன்றாவதை வைக்கப் போன கணத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. “அண்ணே, முன்னாடி தள்ளி வைக்கணும், இது கிணத்து ஏத்தம் மாதிரி ஆடுது” என்று அவரே சொல்லிப் பெட்டிகளைப் பின்சக்கரத்தின் அச்சுக்கு முன்னால் வரும்படி மாற்றிக் கட்டினார். ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ள கை. விளக்கத் தாளில் இல்லாத பாடத்தை ஒரே பார்வையில் கற்றுக்கொடுத்தது. அடுத்த வாரம் நண்பகல் வெயிலில், இளகிக் கிடந்த தாரில் ஒற்றைக்கால் ஸ்டாண்ட் மெல்ல மெல்ல இறங்கி, பெட்டிகளோடு வண்டி சாய்ந்தது. இரண்டு கால் கொண்ட, அடி அகலமான, சுமையோடு நிற்கும்போது முன்சக்கரம் திரும்பாமல் பூட்டிக்கொள்ளக்கூடிய ஸ்டாண்ட் வேண்டும். வாங்கும் முன் கடைக்காரரிடம் எழுபது கிலோவை ஏற்றச் சொல்லி, வண்டியை நிறுத்திவிட்டு, கையை எடுத்துப் பாருங்கள் என்பதே நான் மற்ற வணிகர்களுக்குச் சொல்லும் முதல் ஆலோசனை.

மூன்று சக்கர வகையையும் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன். எங்கள் பகுதியில் தண்ணீர் கேன் போடும் நண்பர் ஒருவர் அதை வைத்திருக்கிறார். நின்றால் சாயாது, ஐந்து கேன், அதாவது நூறு லிட்டர் தண்ணீர், தாராளமாக ஏறும். தெருவுக்குள்ளேயே சுற்றும் வேலைக்கு அதை விடப் பொருத்தமானது இல்லை. ஆனால் சாலையின் ஓரம் சரிந்திருக்கும் இடத்தில் வண்டி முழுவதும் ஒரு பக்கம் இழுக்கும். வேகத்தடையில் ஒரு சக்கரம் முதலில் ஏறினால் பாரம் உருளப் பார்க்கும். வளைவில் இரு சக்கர வண்டி போல் உடலைச் சாய்த்துச் சமாளிக்கவும் முடியாது. அகலமும் ஒரு தடை. எட்டு கிலோமீட்டர் தள்ளி வீட்டுக்குப் போய் வர வேண்டிய எனக்கு அது ஒத்துவராது. டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்துப் போகும் முன்பெட்டி வண்டிகள் மிக அழகானவை. ஆனால் ஆண்டர்சன் தெருவில் அவ்வளவு நீளத்தைத் திருப்ப இடம் கிடையாது. மீன்பாடி வண்டியையும் மிதிரிக்‌ஷாவையும் பார்த்து வளர்ந்த சென்னைக்குச் சரக்கு மிதிவண்டி ஒன்றும் புதிய பொருள் இல்லை. எந்தத் தெருவுக்கு எந்த வடிவம் என்பதை அந்தத் தொழிலாளர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களைக் கேட்டுத் தயாரிப்பவர்கள் வடிவமைத்தால் நன்றாக இருக்கும்.

செலவுக் கணக்குக்கு வருகிறேன். மின்சாரம் யூனிட் பத்து ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும், 260 கிலோமீட்டருக்கு ஆனது 55 ரூபாய். அதே தூரத்துக்கு என் மொபெட், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்ற கணக்கில், 5.2 லிட்டர் குடித்திருக்கும். லிட்டர் 101 ரூபாய் என்றால் 525 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எண்பது காசு மிச்சம். ஆண்டுக்கு 6,500 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 11,700 ரூபாய். இந்த இடத்தில் விளம்பரங்கள் கணக்கை முடித்துக்கொள்கின்றன. வண்டிக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலை 78,000 ரூபாய். அதற்கு மாற்றுப் பேட்டரியின் விலை மட்டும் 24,000. தினமும் சார்ஜ் ஏற்றி இறக்கும் பேட்டரி நான்கு ஆண்டு உழைத்தால், ஆண்டுக்கு 6,000 ரூபாயை அதற்கென்று எடுத்து வைக்க வேண்டும்; பெட்ரோலில் மிச்சமாவதில் பாதிக்கு மேல் அங்கே போய்விடுகிறது. மொபெட்டுக்குக் கட்டும் காப்பீடும், ஆயில் மாற்றும் செலவும், கார்புரேட்டர் வேலையும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சைக்கிளே லாபம். ஆனால் அது நிதானமான லாபம். ஒரே ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

பணத்தில் அளக்க முடியாத ஒரு லாபத்தையும் கண்டேன். எங்கள் கடையில் பதினொரு ஆண்டுகளாகப் புத்தகத் தையல் பார்க்கும் அக்காவுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. மொபெட்டை அவர் தொட்டதில்லை. பள்ளிக் காலத்தில் சைக்கிள் ஓட்டியவர் என்பதால், அரை மணி நேரம் பழகிய பிறகு, கட்டி முடித்த இருபது ஆய்வேடுகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு சேப்பாக்கம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதுவரை நான் கடையில் இல்லாத நேரத்தில் ஒரு பொருளை வெளியே அனுப்ப வேண்டுமானால் ஆட்டோவைத்தான் கூப்பிட வேண்டும். இந்த வகை வண்டியின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் அதைச் சரிபார்த்திருந்தால், அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. பதிவு எண்ணும் உரிமமும் தேவையில்லை.

அந்தச் சலுகையை அறியாமல் கெடுத்துக்கொள்ளும் போக்கும் இருக்கிறது. ஏற்றத்தில் வண்டி திணறியது என்று நான் சொன்னபோது, விற்பனையாளர், “கன்ட்ரோலரில் ஒரு ஒயரை எடுத்துவிட்டால் நாற்பது வரை போகும், செய்து தரட்டுமா சார்?” என்று கேட்டார். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்தப் பெட்டியில் ஒயரை எடுத்த அன்றே அது பதிவு செய்யப்படாத, காப்பீடு இல்லாத ஒரு மோட்டார் வாகனமாகிவிடுகிறது. சுமையோடு நாற்பதில் போய் யாரையாவது இடித்தால் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு? நான் மறுத்துவிட்டேன். சோதனைச் சான்றிதழின் நகலைக் கேட்டபோது உடனே கிடைக்கவில்லை. கேட்டுக் கேட்டு மூன்றாம் நாள் வந்தது. வாங்குபவர்கள் ஒவ்வொருவரும் இதைக் கேட்க வேண்டும். வேகம் போதாது என்ற குறைக்கும் நடைமுறையில் பெரிய அடிப்படை இல்லை. கடையிலிருந்து ஆண்டர்சன் தெருவுக்கு மொபெட்டில் பதினேழு பதினெட்டு நிமிடம் ஆகும். சரக்கு சைக்கிளில் இருபத்திரண்டு நிமிடம் ஆனது. லண்டனில் 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, நகரின் மையப் பகுதியில் சரக்கு சைக்கிள்கள் மணிக்குப் பத்துப் பொட்டலங்களைக் கொடுத்து முடிக்க, வேன்கள் ஆறைத்தான் கொடுத்தன என்று கண்டறிந்தது. அங்கே போட்டி வேனோடு, இங்கே மொபெட்டோடு. ஆகவே அந்த வெற்றியை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் பாரிமுனையில் குட்டி யானை நுழைய முடியாமல் வெளியே காத்திருக்கும் சந்துகளில் அந்த ஆய்வின் நியாயம் கண்ணுக்குத் தெரிகிறது.

பேட்டரியைப் பற்றிச் சென்னைக்கென்று சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாவது வெப்பம். கத்திரி வெயிலில் ஓடி வந்த பேட்டரியை இறக்கிய கையோடு சார்ஜில் போடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை சற்று எடை கூடுதலாக இருந்தாலும் வெப்பத்தைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும். என் கடை முழுவதும் தாளும் துணியும் பசையும். அதனால் பேட்டரியைக் கழற்றி, வாசலுக்கு உட்புறம் உள்ள சிமென்ட் மேடையில், பகலில், ஆள் இருக்கும் நேரத்தில் மட்டுமே சார்ஜ் போட்டோம். இரவில் போட்டுவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் ஒப்பவில்லை. அச்சகம், துணிக்கடை, அட்டைக் கிடங்கு வைத்திருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

இரண்டாவது மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைத் தெருக்களில் நின்ற நீரை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வளவு வேண்டாம், சாதாரண வடகிழக்குப் பருவமழையிலேயே முழங்காலுக்குக் கீழே நீர் தேங்கும் தெருக்கள் எத்தனையோ. இருபது அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து ஓரடி உயரம்கூட இருக்காது. மோட்டார் அங்கேதான் இருக்கிறது. சாரலைத் தாங்கும் பாதுகாப்பு வேறு, நீரில் மூழ்கினால் தாங்கும் பாதுகாப்பு வேறு, ஐ.பி. 65 என்ற பாதுகாப்புக் குறியீடு எழுதியிருந்தால் அது பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதுதான் பொருள், தேங்கிய நீரில் இறக்கலாம் என்று பொருள் இல்லை. நான் ஓட்டிய நாட்களில் ஒரு மாலை மட்டும் நல்ல மழை பெய்தது. பிரேக் இன்னும் மந்தமானது, தாள் பெட்டிகளைத் தார்ப்பாயால் மூடிக் கட்டவே பதினைந்து நிமிடம் ஆனது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த வண்டியை மட்டும் நம்பித் தொழில் செய்ய முடியாது என்பது என் முடிவு.

பழுது பார்ப்பதில் நல்ல செய்தி பாதி, கவலை பாதி. எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய், வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பின்சக்கரத்தின் ஸ்போக் கம்பியை விரலால் நெருடி, “இந்தக் கனம் பத்தாது, மூணு மாசத்துல ஒண்ணொண்ணா அறுந்துடும், தடியான கம்பி போட்டு நானே பின்னித் தரேன்” என்றார். டயர், டியூப், செயின், பிரேக் கட்டை எல்லாம் அவரிடமே முடிந்துவிடும். கன்ட்ரோலரோ பேட்டரியோ கெட்டால் விற்றவரிடம்தான் போக வேண்டும். அவர் நகரின் மறுகோடியில் இருக்கிறார். அந்த நாட்களில் நாற்பது கிலோ வண்டி வீட்டு வாசலில் கிடக்கும். மூன்று படி ஏற்றி உள்ளே வைக்கவே எனக்கும் என் மகனுக்கும் இரண்டு பேர் கை வேண்டியிருந்தது என்பதையும், மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அரசிடமும் மாநகராட்சியிடமும் நான் வேண்டுவது அதிகம் இல்லை. டெல்லி அரசு 2022-இல் சரக்கு மின்சார சைக்கிள் வாங்கும் முதல் 5,000 பேருக்கு 15,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. இப்படிப்பட்ட உதவி எங்கே கொடுக்கப்பட்டாலும், சுமையோடு ஓடும் தூரம், சுமையோடு நிற்கும் தூரம், கேரியர் தாங்கும் எடை ஆகிய மூன்றையும் வண்டியின் சட்டகத்திலேயே பொறித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் சரக்கு சைக்கிளுக்கென்றே தனித் தரநிலை இருக்கிறது. நம் நாட்டிலும் அப்படி ஒன்று வந்தால் பிரேக்கையும் ஸ்டாண்டையும் பற்றி என்னைப் போன்றவர்கள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்காது. சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவிடுவதாகச் சொன்னது. அந்தக் கொள்கையின் பயன் ஆண்டர்சன் தெருவுக்கும் கொத்தவால் சாவடிக்கும் எட்ட வேண்டுமானால், சந்தைத் தெரு ஒவ்வொன்றின் முனையிலும் நான்கு சரக்கு சைக்கிள் நிற்கக்கூடிய, தார் இளகாத காங்கிரீட் தளம் போட்ட ஓர் இடத்தை ஒதுக்கினால் போதும்.

இரண்டு வாரம் முடிந்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது மூன்று கோரிக்கைகளை விற்பனையாளரிடம் எழுதிக் கொடுத்தேன். ஹைட்ராலிக் பிரேக் போட்டுத் தர வேண்டும். இரண்டு கால் ஸ்டாண்ட் வேண்டும். பேட்டரி மூன்று ஆண்டுக்குள் எழுபது சதவீதக் கொள்ளளவுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவதாக எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் சம்மதம் சொல்லிவிட்டார். மூன்றாவதைத் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாள் கைக்கு வந்தால் முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறேன். வரும்வரை ஆண்டர்சன் தெருவுக்கு எக்ஸெல்தான் போய் வந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
பைண்டிங் கடை உரிமையாளர்,
திருவல்லிக்கேணி, சென்னை.